வெள்ளத்துரையின் கை

ஓட்டின் மேல் உட்கார்ந்த காக்கையை வெள்ளத்துரை வாய் திறந்து விரட்டவில்லை. கையை உயர்த்தி ஆள்காட்டி விரலைச் சுழற்றினார். துறைமுகத்தில் அதற்குத் ‘தூக்கு’ என்று பொருள். காக்கைக்கு அந்த வேலை பழக்கமில்லை; இரண்டு முறை கரைந்துவிட்டுச் சற்றே நகர்ந்து உட்கார்ந்தது.

கப்பல் தட்டில் நின்று, நீராவிக் கிரேன் ஓட்டுகிறவனுக்குக் கைஜாடை காட்டுவது அவர் பிழைப்பு. விரல் சுழன்றால் மூட்டை ஏறும். உள்ளங்கை கீழே தட்டினால் இறங்கும். விரித்த கையை நீட்டினால் எந்தச் சுமையும் அந்தரத்தில் நிற்க வேண்டும். அந்தக் கை லேசாக ஆடினாலும் கீழே நிற்கிறவன் தலை போய்விடும். ஒருநாளும் ஆடாத கை. அவர் மகளுக்குப் போய்க் கை கால் தானாக ஆடும் வியாதி வந்ததே, என்ன அநியாயம்!

சுரத்தில் கிடந்து எழுந்த அம்முவுக்கு, வாய்க்குப் போகிற சோறு காதுக்குப் போயிற்று. ராயபுரத்துச் சந்து முழுக்கப் பேய் என்றது. டாக்டர் மட்டும், “நரம்புக் கோளாறு. துளி மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடு. படுத்தே இருக்கட்டும். வீட்டில் சத்தம் கூடாது” என்றார்.

அன்றோடு வீட்டில் பேச்சு நின்றது. சொக்கம்மாள் குழம்புச் சட்டியைத் தூக்கினால் அவர் உள்ளங்கையால் காற்றைத் தட்டுவார்.

“நான் இன்னா, உன் கிரேனா?” என்று கிசுகிசுப்பாள் மனைவி.

ட்ராம் மணி அடித்தால் தெருவுக்கு ஓடிக் கையை நீட்டுவார். வண்டி நின்றுவிடும்.

“ஏறு நைனா!”

“ஏறல. மணி அடிக்காம போ. கொயந்த தூங்கிக்கினு கீது.”

“அதுக்கா நிறுத்தின?” என்று கண்டக்டர் போடும் கூச்சலில் அம்மு விழித்துக்கொள்வாள்.

மகளிடம் மட்டும் தணிந்த குரலில் கேலி பேசுவார். “தூக்குன்றே, எறக்குன்றே! உன் கையப் பாத்து ஓட்னா கப்பலே கவுந்துடும் கண்ணு.” அவள் சிரிப்பாள். அவர் வெளியே போய்த் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வார்.

நேற்றுச் சாயங்காலம் மருந்து டம்ளரை வழக்கம்போல் அவள் வாயருகே கொண்டுபோனார். அம்மு கையை விரித்து நீட்டினாள்.

டம்ளர் அந்தரத்தில் நின்றது. அந்தப் பிஞ்சுக் கை இப்போது துள்ளும், இப்போது வளையும் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். அது அப்படியே நின்றது.

“இன்னாய்யா, குடுக்காம குந்திகினு கீறே?” என்றாள் சொக்கம்மாள்.

அவர் கை நடுங்கி, மருந்தெல்லாம் பாயில் சிந்திக்கொண்டிருந்தது.