யோகேஸ்வரியின் இடது காது

ஆம், நான்தான் அடித்தேன். யோகேஸ்வரியின் இடது காது செவிடானது என் கையால்தான். அவள் எங்கும் தடுக்கி விழவில்லை!

உங்களுக்கு என்னைத் தெரியாது. கரவனெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். பத்தாம் வகுப்புக்குப் பிறகு வரும் சாதாரண தரப் பரீட்சைக்குக் கணக்கு வராத பிள்ளைகளைப் பள்ளி விட்ட பிறகு உட்காரவைத்துத் தேற்றிவிடும் வாத்தியார் நான். தேறியவர்களைத் தொழிற்பயிற்சி நிலையத்துக்கு நானே கூட்டிப்போவேன். நல்ல காரியந்தானே? நல்ல காரியம் செய்கிறவனுக்கு எத்தனை திமிர் ஏறும் என்று நீங்கள் அறிவீர்களா?

பிள்ளையை ஒப்படைக்கும்போது எங்கள் தோட்டத்துப் பெற்றோர் ஒரு வார்த்தை சொல்வார்கள். யோகேஸ்வரியின் அப்பாவும் சொன்னார்.

"கண்ண மட்டும் விட்டுட்டு தோல உரிச்சிடுங்க சேர். எப்படியாச்சும் பாஸ் பண்ணிறணும்."

அது மரியாதைக்குச் சொல்லும் பேச்சு. நானோ அதை அனுமதியாகவே எடுத்துக்கொண்டேன்... பிரம்பு முறிய முறிய அடித்தேன். முறிந்தால் அடிபட்டவர்களையே புதிதாக வெட்டிவரச் சொன்னேன். அடிக்கையில் எனக்குள் ஒரு சுகம் இருந்தது. எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் இருந்தது!

யோகேஸ்வரிக்கு வயது பதினாறு. தாதியர் உதவியாளர் பயிற்சிக்குப் போக வேண்டும் என்பதே அவள் ஆசை. பரீட்சை நெருங்கிய வேளையில் மூன்று நாள் அவள் வரவில்லை. நான்காம் நாள் வந்தாள், சட்டைக் கையில் ரப்பர் பால் காய்ந்து ஒட்டியிருந்தது.

"எங்கடி போன?"

"அம்மாவுக்கு காய்ச்சல் சேர். அவங்க நாள் கூலிப் பேரு விட்டுப் போயிரக் கூடாதுன்னு பதிலுக்கு நான்தான் பால் வெட்டப்..."

"பால் வெட்டத்தான் பொறந்தியா நீ?"

மேசையை உதைத்துத் தள்ளினேன். பின்னலைப் பற்றி இழுத்தேன். முழுக் கையையும் வீசி அறைந்தேன். சுவரில் மோதி விழுந்தாள். விழுந்தவளைத் தூக்கி நிறுத்தி அதே கன்னத்தில் இன்னொன்று... காதிலிருந்து இரத்தம் இறங்கி வெள்ளைச் சட்டையை நனைத்த பிறகுதான் நிறுத்தினேன். மற்றப் பத்துப் பேரும் தலை நிமிராமல் கணக்குச் செய்துகொண்டிருந்தார்கள். அப்படித்தான் அவர்களைப் பழக்கியிருந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், த்ரீவீலரில் வைத்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

"விழுந்துட்டேன்னு சொல்லு. இல்லாட்டி என் வேலை போயிரும். மத்தப் புள்ளைங்க பரீட்சை என்னாகும்?"

பாடம் சொல்லிக்கொடுப்பதில் நான் கெட்டிக்காரன் அல்லவா! அவள் தலையாட்டினாள். அவளுடைய அப்பாவிடமும் அதையே சொன்னாள்.

பரீட்சையில் அவள் தேறினாள்! பயிற்சி நிலைய நேர்முகத்துக்கு நானே கூட்டிப்போனேன். கூட்டத்தின் இரைச்சலுக்கிடையே அதிகாரி அவளுடைய இடப்பக்கம் நின்று இரண்டு தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் அசையவில்லை.

எப்போதிலிருந்து கேட்காது என்று சிங்களத்தில் விசாரித்தார். சின்ன வயதிலிருந்தே என்று அவளும் சிங்களத்திலேயே சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அதிகாரியும் என்னைப் பார்த்தார்.

அடிபட்ட காது, வைத்தியம் பார்க்கிறோம், அடுத்த தடவையாவது சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்டால், யார் அடித்தது என்ற கேள்வி வருமே... அந்தப் பயத்தில் என் நாக்கு புரண்டது.

"ஓவ் சேர்," என்று சிங்களத்தில் ஆமாம் போட்டேன். பிறவிக் குறை என்று நானாகவே சேர்த்துக்கொண்டேன். அவர் விண்ணப்பத்தை மூடி ஓரமாக வைத்தார்.

இன்று அவள் பால் வெட்டுகிறாள், அம்மாவின் மரங்களிலேயே. என்னைக் கண்டால் வணக்கம் சொல்கிறாள். அந்த வணக்கத்தைவிட அவள் என் முகத்தில் காறித் துப்பியிருக்கலாம்!

போன மாதம் ரப்பர் மலைக்கு ஏறிப்போனேன். அவள் முதுகைக் காட்டி மரத்தில் வேலையாக இருந்தாள். இடப்பக்கமாகப் போய் நின்று, "என்னை மன்னிச்சிரு புள்ள" என்று மெல்லச் சொன்னேன். கத்தி பட்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் திரும்பவில்லை.

வலப்பக்கம் போக நாலு எட்டுத்தான்... நான் வைக்கவில்லை. பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று இறங்கி வந்துவிட்டேன்.