ஆணியில் தொங்காத திறப்பு

ஊர்காவற்றுறை இறங்குதுறைக்குப் போகும் வீதியில் இருக்கும் சில்வெஸ்ரரின் ரயர்க் கடைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது ரயர் அல்ல, திறப்புகள். பலகைச் சுவரில் இரண்டு வரிசை ஆணிகள்; ஆணிக்கு ஒரு திறப்பு. எழுவைதீவுக்கும் அனலைதீவுக்கும் படகேறுகிறவர்கள் மோட்டார் சைக்கிளைக் கடைப் பக்கத்தில் விட்டு, திறப்பை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். நாலு நாள் கழித்து வந்தாலும் திறப்பு அதே ஆணியில் இருக்கும். பதினான்கு வருடத்தில் ஒன்றும் தவறியதில்லை.

கடல்தொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்தும் படகில் கால் வைத்தால் அவருக்கு வாந்தி வந்துவிடும். இடம்பெயர்ந்து வவுனியாவில் இருந்த காலத்தில் ஒரு லொறிக் கராஜில் வேலை பழகினார். ஊர் திரும்பியதும் இந்தக் கடையைப் போட்டு, பின்பக்கமே வீட்டையும் கட்டிக்கொண்டார். கடலோடு மிச்சமிருந்த உறவு ஒரு நண்டு வலைதான். அதையும் முழங்கால் தண்ணீரில் நடந்துபோய்த்தான் போடுவார். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் நடக்கும்போது, "சம்மாட்டியார் தொழிலுக்கு வெளிக்கிட்டிட்டார்" என்று இறங்குதுறையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். பெரிய படகுக்காரருக்குச் சொல்லும் அந்தப் பட்டத்துக்கு அவரும் சிரிப்பார்.

அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணியளவில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. புங்குடுதீவு மடத்துவெளியில் இருந்து ஜெயரூபன். கார் வாடகைக்கு ஓடுகிறவன். மனைவி பவதாரணியும் வந்திருந்தாள். முன் இருக்கை காலியாகக் கிடக்க, அவள் பின் இருக்கையில் இருந்ததைச் சில்வெஸ்ரர் கவனித்தார்.

"அண்ணை, முன் சில்லு காத்து நிக்குதில்லை. ரெண்டு கிழமையா ஒவ்வொரு விடியவும் காத்தடிச்சுத்தான் ஓடுறன். இண்டைக்கு வேலணை தாண்டுறதுக்குள்ள ரெண்டு தரம் அடிச்சிட்டன். நாளைக்கு ஒரு தூர ஓட்டம் வேற இருக்கு."

"முதல் நாளே கொண்டு வந்திருக்கலாமே தம்பி?"

"என்னெண்டு கழட்டுறது? லொக் நட்டுத் திறப்பைக் காணேல்லை எண்டு உங்களுக்கும் ரெலிபோன் எடுத்தனானெல்லோ."

சில்வெஸ்ரருக்கு நினைவு வந்தது. சில்லுக்கு முன்னால் குந்தியிருந்து துணியால் புழுதியைத் துடைத்தார். ஐந்து நட்டில் நாலு சாதாரணம். ஐந்தாவது நட்டுக்கு மூலையே இல்லை. உருண்டையாக, நட்டுக் கழற்றும் சாதாரணச் சாவி ஒன்றும் பிடிக்காதபடி இருந்தது. அதன் முகத்தில் ஐந்து இதழ்ப் பூப்போல ஒரு வெட்டு. சில்லைக் களவெடுக்காமல் இருக்கச் செய்தது. அந்தப் பூவுக்குப் பொருந்துகிற இரும்புத் துண்டு இருந்தால்தான் சுழலும்.

அந்தப் பூவை அவர் எங்கோ கண்டிருந்தார். போன கிழமை, வலையில் சிக்கிய நண்டின் காலை விடுவிக்கும்போது.

துணியால் அந்த முகத்தை இன்னொரு தரம் துடைத்துப் பார்த்தார்.

மூன்று கிழமைக்கு முன் ஜெயரூபன் ரயர் மாற்ற வந்தபோது, அந்தத் துண்டைச் சில்லுச் சாவியின் வாயில் தானே செருகித்தான் நீட்டினான். சில்வெஸ்ரர் அதைக் கவனித்துப் பார்க்கவில்லை. தீவில் ஓடுவது வானும் ஆட்டோவும் லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரமும். இப்படி நட்டு அவர் கடைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. வேலை முடிந்தும் துண்டு சாவியின் வாய்க்குள்ளேயே இருந்துவிட்டது. பிறகு ஒருநாள் சாவியை நிலத்தில் தட்டியபோது விழுந்தது. பெருவிரல் அளவு, நடுவில் ஓட்டை, நல்ல பாரம். ஏதோ பழைய இயந்திரத்துண்டு என்று நினைத்தார். வலையின் அடிக்கயிற்றில் பாரத்துக்குக் கட்டும் ஈயம் ஒன்று கழன்று போயிருந்தது. ஈயம் விற்கிற விலையில் எல்லோரும் பழைய நட்டுகளைத்தான் கட்டுகிறார்கள். அவரும் கட்டினார்.

அதன் பிறகுதான் அந்த ரெலிபோன் வந்தது. "திறப்பு உங்களிட்ட விட்டிட்டனோ அண்ணை?" திறப்பு என்ற சொல்லைக் கேட்டதும் அவர் பலகைச் சுவரைத்தான் பார்த்தார். ஆணி ஆணியாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இல்லைத் தம்பி. இஞ்சை இல்லை." சுத்தமான மனதோடு சொன்ன பதில் அது.

இப்போது வாயைத் திறந்தார். அதற்குள் ஜெயரூபன் மனைவியின் பக்கம் கையைக் காட்டினான். "இவ காரைத் துப்பரவாக்கிறன் எண்டு குப்பையோட எறிஞ்சுபோட்டா. உங்களிட்டக் குடுத்த சாமான் ஒண்டு துலைஞ்சதெண்டு இந்தத் தீவில ஆரும் சொல்லேலாது. நீங்கள் இல்லை எண்டால் இல்லைதான். பிறகு வேற ஆர்?"

திறந்த வாயை மூடிக்கொண்டார் சில்வெஸ்ரர். "திறப்பு இல்லாமலும் கழட்டலாம், தம்பி" என்றார்.

வலை பின்வேலியில் காய்ந்துகொண்டிருந்தது. கடையில் இருந்து பத்தடி. அவருடைய மனைவி ஞானசவுந்தரி அதில் ஒட்டியிருந்த பாசியை எடுத்துக்கொண்டிருந்தாள். "வெய்யிலுக்க நிக்காம இஞ்சால வாரும் தங்கச்சி" என்று பவதாரணியைக் கூப்பிட்டு, வலைக்குப் பக்கத்திலேயே ஒரு கதிரையைப் போட்டுக் கொடுத்தாள்.

சில்வெஸ்ரர் நட்டின் வெளிவட்டத்தை விட ஒரு நூல் சிறிய, குழல்போன்ற சொக்கெற் ஒன்றைத் தேடி எடுத்தார். உள்ளே பன்னிரண்டு பல் உள்ளது. அதை நட்டின் தலையில் வைத்துச் சுத்தியலால் அடித்தார். பல் இரும்பைக் கடிக்கும்வரை அடிக்கவேண்டும். சரித்து அடித்தால் சில்லு வெடித்துவிடும். பத்தடி தூரத்தில் தொங்குகிற ஒன்றுக்காக இவ்வளவு அடியா என்று ஒவ்வொரு அடியும் அவரைக் கேட்டது. பிடியில் ஒரு நீட்டுக் குழாயை மாட்டி உடம்பின் பாரத்தை அதில் போட்டார். நட்டு முனகிக்கொண்டு சுழன்றது.

"கெட்டிக்காரன் அண்ணை நீங்கள்" என்றான் ஜெயரூபன்.

அவர் சிதைந்த நட்டைத் தட்டில் போட்டுவிட்டு, சில்லைக் கழற்றித் தொட்டித் தண்ணீரில் தாழ்த்தினார். குமிழி வந்த இடத்தில் ஒரு சின்ன ஆணி. அதைப் பிடுங்கி ஒட்டுப் போட்டு, சாதாரண நட்டொன்றைச் சேர்த்துச் சில்லைத் திரும்பப் பூட்டினார். பின்னாலிருந்து பவதாரணியின் குரல் கேட்டது.

"ஒவ்வொரு விடியவும் காத்து அடிக்கேக்க ஒவ்வொரு பேச்சு, அக்கா. குப்பைக் கிடங்கு முழுக்கக் கையாலை கிண்டினனான். கிண்டேக்க என்ன நினைச்சனான் தெரியுமோ? தேடுற சாமான் என்ன வடிவெண்டே எனக்குத் தெரியாது. நான் அதைக் கண்டதே இல்லை."

ஜெயரூபன் கடைக்குள் இருந்தே திரும்பிச் சொன்னான்: "என்ன வடிவோ? பெருவிரலளவு இரும்பு. ஒரு பக்கம் பூ மாதிரி. கண் இருந்தாத் தெரியும்."

ஞானசவுந்தரியின் விரல்கள் அடிக்கயிற்றில் ஓடிக்கொண்டிருந்தன. ஓரிடத்தில் நின்றன. கொஞ்ச நேரத்தில் அவள் பிளேன் ரீயோடு கடை வாசலுக்கு வந்தாள். "இஞ்சாருங்கோ, ரீ ஆறப் போகுது" என்றாள். ரீயிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. அவரைப் பார்த்த பார்வையை அவள் எடுக்கவில்லை. அவருக்கு விளங்கியது.

"மற்ற மூண்டு சில்லின்ர லொக் நட்டையும் கழட்டிவிடுங்கோ அண்ணை" என்றான் ஜெயரூபன். "சாதாரண நட்டைப் பூட்டுவம். இனி இவவை நம்பேலாது."

சில்வெஸ்ரர் இரண்டாவது சில்லுக்கு முன்னால் குந்தினார். சொக்கெற்றை வைத்தார். சுத்தியலை ஓங்கினார். சொன்னால் பதினான்கு வருடப் பெயர் போய்விடும். நாளைக்கு இறங்குதுறையில் என்ன பகிடி வரும் என்பதும் தெரியும். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை பின் இருக்கையிலேயே வீட்டுக்குப் போகும்.

சுத்தியலை நிலத்தில் வைத்தார். எழும்பிப் பின்னால் போனார். பவதாரணியின் தலைக்கு மேலால் கையை நீட்டி, அடிக்கயிற்றைக் கத்தியால் அறுத்தார். உப்பும் பாசியும் பிடித்த இரும்பை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு வந்து, நட்டின் முகத்தில் வைத்தார். பூவுக்குள் பூ போய் உட்கார்ந்தது. சாவியை மாட்டித் திருப்பியதும் நட்டு சத்தமில்லாமல் கழன்று வந்தது.

ஜெயரூபன் குனிந்து அந்த இரும்பைப் பார்த்தான்.

"இது என்னெண்டு வலையில?" என்றான் ஜெயரூபன்.

"நான்தான் கட்டினனான். ஈயத்துக்குப் பதிலா."

"ரெலிபோன் எடுக்கேக்க இல்லை எண்டனீங்கள்."

"அண்டைக்கு அறியாமச் சொன்னனான், தம்பி. இண்டைக்கு நீர் வந்து இந்த நட்டைக் காட்டின உடனை அறிஞ்சிட்டன். அறிஞ்சும் சொல்லாமத்தான் அடிச்சுக் கழட்டினனான்." பிறகு பவதாரணியின் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீர் ஒண்டையும் எறியேல்லை. உமக்கு விழுந்த பேச்செல்லாம் எனக்கு விழுந்திருக்கவேண்டியது."

அவர் நட்டைத் திரும்ப இறுக்கிவிட்டு நீட்டிய இரும்பைப் பவதாரணி வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "இதுதானோ?" என்றாள். கணவனைப் பார்த்தாள். "இதுக்குத்தானோ என்னைக் கிடங்கு கிண்ட வைச்சனீங்கள்? சம்மாட்டியாரின்ர நண்டு இவ்வளவு நாளும் இதோடதான் விளையாடியிருக்கு."

ஜெயரூபன் தலையைச் சொறிந்தான். காருக்குப் போய் முன்கதவைத் திறந்துவிட்டான். அவள் அந்தத் திறப்பைக் கைப்பைக்குள் போட்டு, பையைப் பூட்டி, பின்கதவைத் தானே திறந்து ஏறிக்கொண்டாள். திறந்த முன்கதவு கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு அவன் அதைச் சாத்தினான்.

கார் வேலணைப் பக்கம் திரும்பும்வரை சில்வெஸ்ரர் வீதியில் நின்றார். சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று நினைத்திருந்தார். அந்தப் பின்கதவைச் சாத்திய சத்தம் காதுக்குள்ளேயே கிடந்தது.

"வலையில ஒண்டு குறையுது" என்றாள் ஞானசவுந்தரி.

அவர் இரும்புத் தட்டைக் கிளறினார். ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார். இன்னொன்றையும் வைத்தார். கடைசியில் காலையில் அடித்துக் கழற்றிய நட்டை எடுத்தார். அதன் முகத்தில் பூ நசிந்துபோயிருந்தது.

"இது வேற ஆரின்ரயும் இல்லையே?"

"இல்லை" என்றார். "நான் பழுதாக்கினது." கயிற்றை அதில் கோத்து, இரண்டு முடிச்சுப் போட்டார்.