பக்கத்தறை யன்னல்

சீனிமுகம்மது ஓடாவியாரின் வீட்டிலிருந்து பள்ளிவாசலுக்கு நேர் ரோட்டால் போனால் நாலு நிமிட நடை. ஆனால் பத்துப் பன்னிரண்டு நாட்களாக அவர் கடற்கரை ரோட்டால் சுற்றித்தான் போய்வந்தார். மருதமுனைக்கு மாரி இறங்கியிருந்த நேரம். கடற்காற்று குடையை இரண்டு தரம் பின்பக்கமாக மடித்துவிட்டது. முழங்கால் வருத்தமுள்ள, அறுபதுக்குக் கிட்டிய மனிசன் இப்படி நனைந்து நனைந்து சுற்றுவதற்கு ஒரு காரணம் இருந்தது.

நேர் ரோட்டில் மீராசாவின் வீடு இருக்கிறது. வீட்டை ஒட்டின பக்கத்தறையின் யன்னல் ரோட்டைப் பார்த்திருக்கும். அந்த யன்னல் மூடாது. மூடாத யன்னலில் மீராசா உடுத்த கைத்தறிச் சாரன் ஒன்று திரையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மீராசா மௌத்தாகிப் பதினேழு நாள். அந்த அறைக்குள் அவருடைய மனைவி றபீக்கா இத்தா இருந்தாள். புருசன் செத்த பிறகு நாலு மாசம் பத்து நாளைக்கு அந்நிய ஆண் ஒருவரின் கண்ணில் படக்கூடாத பொம்பிளைக்கும், நாலு பேர் போய்வரும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு சாரன்தான் மறைப்பு.

அந்த யன்னலைச் செய்தவர் சீனிமுகம்மது.

முப்பத்தைந்து வருசமாக ஓடாவியாக மரவேலை செய்கிறார். சுனாமியில் கடல் வந்துபோன பிறகு அவர் கை படாத கூரை அந்தத் தெருவில் குறைவு. வளை வைத்து, கைமரம் ஏற்றி, சலாகை அடித்து ஓடு பரப்பும் வரையில் யாரையும் ஏணியில் ஏறவிடமாட்டார். கதவு, யன்னல் என்றால் இன்னும் கறார். நிலையைத் தூக்குநூல் பிடித்து நிறுத்துவார். கதவுக்கும் நிலைக்கும் இடையில் ஒரு ரூபாய்க் குற்றிக் காசு தடையில்லாமல் ஓடித் திரிய வேண்டும் என்பார். மாரியில் மரம் கொஞ்சம் ஊதும், அந்த ஊதலுக்கு விடும் இடம் அது. அதைவிட முக்கியம் மரம் காய்ந்திருப்பது. பச்சை மரத்தைத் தூக்கினாலே தெரியும், கனக்கும். சீவுளி போட்டால் சுருள் முறுகி விழாது, ஈரத்துணி மாதிரி அலகில் ஒட்டிக்கொள்ளும். விரல் கணுவால் தட்டினால் காய்ந்த பலகை கணீரென்று பதில் சொல்லும். பச்சைப் பலகை வாய் திறக்காது.

இதெல்லாம் தெரிந்துதான் அவர் அதைச் செய்தார்.

மூன்று வருசத்துக்கு முந்தி மீராசா கடைசி மகள் ஹிமாயாவுக்கு வீடு கட்டினார். இந்தப் பக்கத்தில் மகளுக்கு வீடில்லாமல் கலியாணமில்லை. பெரிய வீடு மகளுக்கும் மருமகனுக்கும். பக்கத்தில் ஒட்டி இறக்கின ஒற்றை அறை தனக்கும் றபீக்காவுக்கும். மரவேலை முழுதும் சீனிமுகம்மதுவுடையது. இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூட வாங்கில் இருந்து படித்தவர்கள்.

பக்கத்தறை யன்னலுக்கென்று நல்ல தேக்குப் பலகை நாலு ஒதுக்கிவைத்திருந்தார். நிக்காஹ்வுக்குப் பன்னிரண்டு நாள் இருக்க, முன்வாசல் நிலைக்கு மேல் சுவர் வெறுமையாகக் கிடப்பது அவர் கண்ணில் பட்டது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே அந்த நாலு பலகையையும் எடுத்துக் கொடியும் பூவும் பிறையுமாகச் செதுக்கி வாசலுக்கு மேலே பூட்டினார். கலியாணத்துக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள், யாருடைய கை என்று கேட்பார்கள் என்ற நினைப்பு. பிறகு பக்கத்தறைக்குப் பலகை இல்லை. கல்முனை மரக்காலையிலிருந்து வந்த வேப்பம் பலகை வாளுக்குக் கீழேயிருந்து நேரே வந்தது போல் இருந்தது. சீவுளியில் ஒட்டியது. அந்தக் கிழடுகள் இரண்டுக்கும் இது போதும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

"மச்சான், மரம் காஞ்சிரிக்கா?" என்று மீராசா கேட்டார். சந்தேகத்தில் கேட்கவில்லை. பக்கத்தில் நிற்கும்போது எதையாவது கேட்கத்தானே வேண்டும்.

"காஞ்ச மரந்தான். நீ போய் கலியாண வேலையப் பாரு."

கலியாணத்தன்று வந்தவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள். "நான் கேக்கவே இல்ல, அவனா செஞ்சி போட்டான்" என்று மீராசா ஆளுக்காள் தோளில் கைபோட்டுக் காட்டினார்.

முதல் கோடையில் யன்னல் கதவுகள் காய்ந்து முறுகின. ஒன்றின் கீழ்மூலை வெளியே வளைந்தது. அடுத்த மாரியில் ஊதி நிலையில் இறுகியது. மீராசா சிரித்துக்கொண்டுதான் வந்து சொன்னார். "மழைக்கு மரம் ஊதத்தான் செய்யும் மச்சான், மாரி முடிஞ்சா தானா சரியாகும்" என்றார் ஓடாவியார். மீராசா அதை அப்படியே நம்பினார். கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னார். கதவை ஒரு கம்பித் துண்டால் கட்டிவைத்துவிட்டு வயலுக்குப் போய்வந்துகொண்டிருந்தார். சீனிமுகம்மது ஒருநாள் வந்து சீவித்தருவதாகச் சொன்னார். சொன்னதோடு சரி.

ஒக்டோபரில் ஒருநாள் லுஹர் தொழுதுவிட்டு வந்து படுத்த மீராசா எழும்பவில்லை.

அடக்கத்துக்கு ஜனாஸா எடுக்கிற நேரம் ரோட்டில் பிளாஸ்டிக் கதிரைகளில் ஆண்கள் நிறைந்திருந்தார்கள். றபீக்காவைப் பக்கத்தறையில் வைத்துப் பொம்பிளைகள் யன்னலை மூடப்போனார்கள். உள்ளேயிருந்து இழுத்தார்கள். 'டக்' என்று நிலையில் இடித்தது. திரும்ப இழுத்தார்கள். டக். உள்ளே ஒரு பொம்பிளை, "இன்னும் பிடிச்சி இழுங்ககா" என்றாள். டக். வெளியே நின்ற ஒருவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு உள்ளங்கையால் தள்ளிப்பார்த்தார். நாலு விரல் அகல இடைவெளி அப்படியே நின்றது. ஏன் மூடவில்லை என்பது அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள் கதிரையில் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இழுப்பது நின்றது. ஒரு கை வந்து பச்சைக் கட்டம் போட்ட சாரனை விரித்துக் கட்டியது. பெருநாளைக்கு மீராசா உடுக்கிற சாரன் அது.

அன்றைக்கே போயிருக்கலாம். நாளைக்குப் போவோம் என்று நினைத்தார். பிறகு, அவர்கள் கூப்பிடட்டும் என்று நினைத்தார். அவர்கள் கூப்பிடவில்லை. ஒரு சொல் குறை சொல்லவுமில்லை. அதன் பிறகுதான் கடற்கரை ரோட்டால் நடக்கத் தொடங்கினார்.

"என்ன ஓடாவியார், கடலச் சுத்தி நடக்கிறீங்களாம்?" என்றான் தேத்தண்ணிக்கடை றிம்சான். "சீனி வருத்தம் எண்டு டொக்டர் நடக்கச் செல்லிட்டாரோ?"

வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவைத்தார்.

பதினேழாம் நாள் அவருடைய மனைவி ஜுனைதா கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். நனைந்த முந்தானையைப் பிழிந்தபடி சொன்னாள்: "றபீக்கா ராத்தா பெரிய ஊட்டுக்கும் வரமாட்டாவாம், அவர் மௌத்தான அறையிலதானாம் இத்தா. கட்டில்ல படுக்கிறல்ல. காத்துக்குச் சாரன் தூக்கி அடிக்கிதாம். அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவுல மூலைக்குள்ள பாயப் போட்டுக் குந்திக்கிட்டு இரிக்கா. ரோட்டால மோட்டச்சைக்கிள் ஒண்டு போனாலும் முகத்த மூடுறா. பாத்தா பாவம்."

முந்தானையை உதறிவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"அது நீங்க செஞ்ச யன்னல்தானே? மழைக்கு ஊதினா இப்பிடியுமா ஊதும்?"

அவர் எழும்பித் தங்கள் படுக்கையறைக்குப் போனார். தட்டையுளியும் சுத்தியலும் எடுத்து யன்னல் கதவின் பிணைச்சலைக் கழற்றத் தொடங்கினார். தன் வீடு கட்டின காலத்தில் மூன்று வருசம் கூரைக்கடியில் அட்டத்தில் காயவைத்துச் செய்த தேக்குக் கதவுகள். படுக்கையறை யன்னல் எல்லாவற்றையும் அவர் ஒரே அளவில்தான் செய்வார்: நாலடி உயரம், ஒவ்வொரு கதவும் ஒன்றரை அடி அகலம். இந்த மழையில் புதுப்பலகை வாங்கி எங்கே காயவைப்பது? ஊரில் காய்ந்த மரம் என்று இருப்பதெல்லாம் ஏற்கெனவே யாரோ ஒருவரின் சுவரில் இருந்தது.

ஜுனைதா வாசலில் வந்து நின்றாள். "என்ன வேல இது?"

"மழை இல்ல புள்ள. பச்ச மரம். காஞ்சது எண்டு அவன்ட்ட பொய் செல்லிட்டன்."

"இவ்வளவு நாளும் என்ட்டயும் மழை எண்டுதானே செல்லினீங்க." பிறகு உள்ளே போனாள். இரண்டாவது கதவும் கழன்று வந்தபோது, அவள் பழைய படுக்கைவிரிப்பு ஒன்றையும் ஆணியும் கொண்டுவந்து கட்டிலில் வைத்தாள்.

கதவுகளைச் சாக்கில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு நேர் ரோட்டால் போனார். பின்னேர அஸர் தொழுகை முடிந்திருந்தது. மழை சிணுங்கிக்கொண்டிருந்தது. முன்வாசலில் ஏறும்போது தான் செதுக்கின பிறையும் பூவும் தலைக்கு மேலே இருப்பது தெரிந்தது. குனிந்துகொண்டே உள்ளே போனார்.

ஹிமாயாவின் மாப்பிள்ளை ஸிராஜ் கல்முனையில் ஒரு கந்தோரில் வேலை செய்கிறவன். அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தான். "வாங்க ஓடாவி மாமா, இரிங்க. இந்த மழைக்குள்ள என்னத்துக்கு? மாரி முடிய யன்னல் தானா சரியாகும் எண்டு மாமா செல்லிட்டுத்தானே இருந்தாரு."

பக்கத்தறைக்குப் போகும் வாசலில் திரை போட்டிருந்தது. அதற்குப் பின்னால் ஆள் இருப்பது அவருக்குத் தெரியும். ஸிராஜுக்கு மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கியிருக்கலாம். அப்படித்தான் வழியெல்லாம் நினைத்து வந்தார். ஆனால் 'மாமா செல்லிட்டுத்தானே இருந்தாரு' என்று கேட்ட பிறகு மெதுவாகச் சொல்ல வாய் வரவில்லை.

"தானா சரியாகாது தம்பி. மழையால வந்த பிழை இல்ல இது. பச்ச மரம். தெரிஞ்சுதான் போட்டன். இந்த யன்னலுக்கு எடுத்து வெச்ச பலகையில வாசலுக்குப் பூ வெட்டிட்டன்."

ஸிராஜ் கையிலிருந்த ஹெல்மெட்டைத் தரையில் வைத்தான். திரைக்குப் பின்னால் ஏதோ மெல்லக் கதைக்கும் சத்தம். ஹிமாயா வெளியே வந்தாள். அழுது வீங்கின முகம்.

"சீனி மாமா, உம்மா கேக்கா. இத நீங்க வாப்பாட்டச் செல்லினீங்களா எண்டு."

"இல்ல மகள்."

அவள் உள்ளே போனாள். ஸிராஜ் கதிரையை இழுத்துப்போட்டான், அவர் உட்காரவில்லை.

"மகள், உம்மாட்டச் செல்லுங்க. என்னப் பொறுத்துக்கொள்ளச் செல்லுங்க" என்றார் திரையைப் பார்த்து.

ஹிமாயா திரும்பி வரச் சுணங்கியது. வந்து, தலையைக் குனிந்துகொண்டு, சொல்லிக்கொடுத்ததைச் சொல்லுகிற பிள்ளை மாதிரிச் சொன்னாள்: "பொறுக்கிறது வாப்பாவாம், தான் இல்லையாம். யன்னலப் பூட்டட்டாம். பொழுதுபட்டு மஃரிபு வர முந்தி முடிக்கட்டாம்."

றபீக்காவைப் பெரிய வீட்டுக்குள் கூட்டிப்போன பிறகு அவர் ரோட்டுப் பக்கம் நின்று வேலை செய்தார். நிலை நல்ல மரம்தான், அதைத் தொடத் தேவையில்லை. மீராசா கட்டின கம்பித் துண்டை அவிழ்த்தார். ஏழெட்டுச் சுற்று. நுனியை யாருக்கும் குத்தாமல் உள்ளே மடித்துவிட்டிருந்தார் மீராசா. அதை அவிழ்க்கத்தான் அதிக நேரம் பிடித்தது. பழைய கதவுகளை இறக்கிச் சுவரில் சாத்தினார். தேக்குக் கதவின் மேல்விளிம்பில் இரண்டு இழுப்புச் சீவினார். சுருள் முறுகி மழைத்தண்ணீரில் விழுந்து மிதந்தது. பிணைச்சல் பூட்டி, பையிலிருந்து ஒரு ரூபாய்க் குற்றியை எடுத்து இடைவெளியில் ஓட்டிப்பார்த்தார். மேலிருந்து கீழ்வரை ஓடியது.

"இழுங்க மகள்" என்றார்.

உள்ளேயிருந்து சாரனை அவிழ்க்கும் அரவம் கேட்டது. கதவுகள் இரண்டும் வந்து நிலையில் படிந்தன. இடிக்கவில்லை. கொண்டி விழுந்தது.

அவர் கொஞ்ச நேரம் மூடின யன்னலுக்கு முன்னால் நின்றார். எதற்கு நிற்கிறோம் என்று யோசித்தபோதுதான், உள்ளேயிருந்து நல்லதாக ஒரு சொல் வரும் என்று காத்து நிற்பது அவருக்கே விளங்கியது. உளிகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, பழைய கதவுகளைச் சைக்கிளில் கட்டி உருட்டினார். மூன்று வருசம் ஆகியும் அவை கனத்தன.

றிம்சானின் கடையில் அதே ஆட்கள் இருந்தார்கள்.

"யாருட யன்னல் ஓடாவியார்?"

"மீராசாட பக்கத்தறை."

"ஓ, அதா? மழைக்கு ஊதின மரம் எண்டு அவருதான் செல்லுவாரே."

பேசாமல் போயிருந்தால் பேச்சு அதோடு முடிந்திருக்கும். அவர் சைக்கிளை நிறுத்தினார். "ஊதல்ல. பச்ச மரத்துல செஞ்சன். தெரிஞ்சிக்கிட்டுத்தான்."

றிம்சான் தேத்தண்ணி ஆற்றின கையை நிறுத்தினான். வாங்கில் இருந்த ஒருவர் கேட்டார்: "அப்ப என்ட ஊட்டு முன் கதவு?"

"அது காஞ்ச மரம். நம்பிக்க இல்லாட்டி நாளைக்கு வாறன், கழட்டித் தட்டிப் பாருங்க."

"பாக்கத்தான் வேணும்" என்றார் அவர். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

மஃரிபுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. பள்ளிவாசல் மதிலுக்குப் பின்னால்தான் மையவாடி. சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு உள்ளே போனார். மீராசாவின் கப்றில் மண் இன்னும் தணியவில்லை, மழை அதில் சின்னச் சின்ன வாய்க்கால் வெட்டியிருந்தது. எல்லோரும் சொல்கிற மாதிரி ஸலாம் சொன்னார். ஓதினார். பிறகு தலைப்பாகைத் துண்டை எடுத்து நனைந்த முகத்தைத் துடைத்தார்.

"மச்சான்" என்றார் கடைசியில். "அது மழையில்லடா."