தபசு காலத்து இறாலும் என் கொலஸ்ட்ராலும்

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணிக்கு நான் தலைவன். வீட்டுக்குத் தலைவர் என் மனைவி. போன வருடம் ஒருநாள் எனக்கு மார்பை அடைத்தது. டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, "கொலஸ்ட்ரால் ஏறிக் கெடக்குவே. கறிய நிறுத்தும். அது எறங்கினாத்தான் நீரு தோணி ஏறலாம்" என்றார். அந்தப் பெயரையே அன்றுதான் கேள்விப்பட்டேன்.

கறியை விடுவது என்ன பெரிய காரியம்? நாங்கள் கத்தோலிக்கர், ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் நாற்பது நாள் விடுகிறவர்கள்தானே! மூன்று மாதம் ஆட்டுக்கறியைத் தொடவில்லை. மறுபடி சோதித்தால், இன்னும் ஏறியிருந்தது! வேறு யாருடைய ரத்தத்தையோ பார்த்துவிட்டார்களா என்று குழம்பிப் போனேன்.

"அப்படி என்னதாம்வே சாப்பிட்டீரு?"

"தபசுச் சாப்பாடுதான் டாக்டர், அதுல ஆடு கோழிதான் விலக்கு. தேங்காய்ப்பால் நண்டு, இறால் பொரியல், கணவாய், முட்டை..."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "கோயிலுக்கு அது விரதம்வே. உம்ம ரத்தத்துக்குக் கல்யாண விருந்துல்லா!"

அதையெல்லாம் விட்ட பிறகுதான் கொலஸ்ட்ரால் இறங்கியது, நானும் தோணி ஏறினேன். இப்போது டாக்டரிடம் மனைவியையும் கூட்டிப் போகிறேன். நான் தின்றதையெல்லாம் அவள் ஒப்பிக்கிறாள். நாக்கை நீட்டச் சொன்னால் மட்டும் நான் வாயைத் திறக்கிறேன்.