மூன்று வில்லை மருந்து

மான் ரத்தத்தைப் பார்த்து வெல்டா ஹார்மன் முகம் சுளித்ததே இல்லை. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மலைப்பக்கத்தில், வீட்டுக்குப் பின்னால் இருந்த சிமெண்ட் கொட்டகையில், இருபத்தாறு வருஷமாக ஊரார் சுட்டுக் கொண்டுவரும் மான்களைத் தோலுரித்துக் கறி போட்டுக் கொடுப்பவள் அவள். புருஷன் ஆர்லோ ஓரமாக நின்று கைமா அரைப்பான். வருஷத்தில் ஒரே ஒரு வாரம்தான் அவளுக்கு அந்தக் கொட்டகைக்குள் போகவே குமட்டும். டிசம்பரில், குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டித்துச் சுடும் துப்பாக்கிக்காரர்களுக்கென்று ஒதுக்கிய வாரம்.

துப்பாக்கிமேல் அவளுக்குக் கோபமில்லை. அவளிடமே ஐம்பது காலிபரில் ஒன்று உண்டு. கடைத் தோட்டா போடுகிறவனுக்கு யோசனை வேண்டாம். அதை எவனோ அளந்து அடைத்திருப்பான். இதில் எத்தனை கிரெயின் எடை மருந்து, தூளா வில்லையா, எந்தக் குண்டு என்பதைச் சுடுகிறவனேதான் முடிவு செய்யவேண்டும். அவன் முடிவின் லட்சணம் மறுநாள் வெல்டாவின் மேஜையில் வந்து கிடக்கும்.

அந்த வருஷம் திங்கட்கிழமையே கொழுந்தன் டென்ஸில் ஒரு கலைமானை வண்டியிலிருந்து இழுத்துப் போட்டான்.

"அண்ணி, இதைப் பாருங்க! புதுத் துப்பாக்கி. மருந்து மூணு வில்லை, நூத்தம்பது கிரெயின்! இருநூறு கஜத்துல மானைப் படுக்க வைக்கும்னு பெட்டியிலயே போட்டிருக்கான்."

"இது எத்தனை கஜம்?"

"ஒரு நாப்பது இருக்கும்."

வெல்டா தோலை உரித்தாள். முன்சப்பைக் கறி கறியாக இல்லை; கறுத்த ரத்தக் கூழில் எலும்புச் சில்லும் மயிரும் மிதந்தன. அவன் போட்டது இருநூறு கிரெயின் குண்டு, பட்டதும் விரிவதற்காக மூக்கில் பள்ளம் வைத்தது, பிளாஸ்டிக் உறைக்குள் உட்கார்ந்திருப்பது. அத்தனை வேகத்தில், அத்தனை கிட்டத்தில் தோள் எலும்பில் மோதியதும் அது அங்கேயே சிதறிவிட்டது. நுரையீரல் பக்கமே போகவில்லை. ஓடிய மிருகத்தை இரண்டாம் முறை குடலில் சுட்டிருந்தான். சாணமும் பித்தமும் தொடைவரை வழிந்து, நாற்றம் கொட்டகையை நிறைத்தது. ஆர்லோ கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

"முன்பக்கம் முழுசும் குப்பை," என்றாள் வெல்டா. "நாய்க்குக்கூடப் போட மாட்டேன். இன்னும் கனமான குண்டு போடு, ஒரு வில்லையைக் குறை."

"குறைச்சா வேகம் போயிடுமே அண்ணி!"

"வேகமா போய் என்ன செஞ்சுது? தோளைக் கஞ்சியாக்கிச்சு."

அவன் சிரித்தான். கொம்பை மட்டும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போனான்.

அருவருப்பு என்றால் என்னவென்று வெல்டா தன்னிடமிருந்தே கற்றவள். இருபத்திரண்டு வயதில், துப்பாக்கி தோளில் உதைக்குமே என்று பயந்து, முப்பது கிரெயின் மருந்தோடு ஒரு உருண்டைக் குண்டைப் போட்டு மானைச் சுட்டாள். அது தடுமாறி எழுந்து ஓடியது. நாலு நாள் கழித்து, காக்கைகள் எழும்பிய இடத்தில் கண்டுபிடித்தாள். ஓடைக்கரையிலேயே வாந்தி எடுத்தாள். அடுத்த கோடை முழுதும் ஈரப் பலகைகளை அடுக்கிவைத்து, குண்டு எவ்வளவு ஆழம் துளைக்கிறதென்று ஐந்து ஐந்து கிரெயினாக மருந்தைக் கூட்டிச் சுட்டுப் பார்த்தாள். குண்டையும் மாற்றினாள். கடைசியில் தொண்ணூறு கிரெயின் தூள் மருந்தும் முந்நூற்றைம்பது கிரெயின் ஈயக் குண்டும் என்று நிலைத்தாள். நூறு கஜத்துக்கு அப்பால் அவள் விரல் விசையைத் தொடாது.

புதன்கிழமை காலை டென்ஸில் மறுபடி வந்தான். இந்தத் தடவை வண்டி காலி.

"பெட்டை மான் அண்ணி. நல்லா பட்டுது, சத்தம் கேட்டுச்சு. ரத்தம்தான் பாதியில நின்னுபோச்சு. நீங்க வந்தா தடம் புடிச்சிடுவீங்க."

அவள் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

பனியில் மூன்று மணிநேரம் தேடினார்கள். அடர்ந்த புதர் ஒன்றுக்குள் மான் படுத்திருந்தது, உயிரோடு. முன்னங்கால் தோல் இழையில் தொங்கியது. இவர்களைக் கண்டதும் எழப் பார்த்து, உடைந்த எலும்பையே ஊன்றி, விழுந்து, மறுபடி ஊன்றியது. டென்ஸில் மருந்து கெட்டிக்கும் கோலைக் குழலில் விட்டுக்கொண்டு தடுமாறினான், வில்லைகள் நனைந்துபோயிருந்தன. வெல்டா முட்டி போட்டுச் சுட்டாள். குண்டு விலாவைத் துளைத்து அந்தப் பக்கம் வெளியேறியது. மான் அடங்கியது.

"நூத்தி எம்பது கஜம் அண்ணி," என்றான் அவன் பின்னாலிருந்து. "அவ்வளவு தூரத்துல காலையாவது தொட்டேனே!"

வெல்டா திரும்பி அவனைப் பார்த்தாள். செருப்பில் ஒட்டியதைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

பெட்டை மானுக்கு ஆளுக்கு ஒரே ஒரு வேட்டை அனுமதிச் சீட்டு; கொன்றவர் சீட்டைத்தான் மானில் கட்டவேண்டும். அவள் தன்னிடம் மீதியிருந்த அந்த ஒரே சீட்டைக் கட்டினாள். அத்தோடு அந்த வருஷத்துக்கு அவள் வேட்டை முடிந்தது.

"அப்ப என் பெட்டை மான் சீட்டு மிச்சம்தானே?" டென்ஸிலின் முகம் மலர்ந்தது.

வாய்க்குள் கசந்து ஊறியதை அவள் பனியில் துப்பினாள்.

"உன் துப்பாக்கியை எடுத்துட்டு என் வீட்டுக்கு வா. இப்பவே வா."

கொட்டகைக்குப் பின்னால் நூறு கஜத்தில் அட்டை ஒன்றை நட்டாள். முறைக்கு மூன்று காய்ந்த வில்லை போட்டு அவன் மூன்று முறை சுட்டான். ஒன்று அட்டையின் மேல்மூலை, ஒன்று கீழ்விளிம்பு, ஒன்று காணவே இல்லை. குழலுக்கு முன்னால் பனிமேல் கறுப்புத் துணுக்குகள் சிதறிக் கிடந்தன.

"இது என்னன்னு தெரியுதா? எரியாத மருந்து. உன் குழலுக்குள்ள எரிஞ்சு முடிக்க நேரமில்லாம வெளியே கொட்டுது. மூணாவது வில்லையில பாதி உனக்கு உதை, மீதி பனிக்குத் தீனி."

பிறகு இரண்டு வில்லையும், அவன் குழலுக்குப் பொருந்தும் கனமான குண்டும் கொடுத்தாள். இந்தத் தடவை அவன் சுட்ட மூன்று ஓட்டையும் ஒரு காப்பிக் கோப்பையால் மூடிவிடலாம்போல நெருங்கி விழுந்தன. ஆர்லோ அட்டையைக் கழற்றி வந்து தம்பி கையில் கொடுத்தான்.

டென்ஸில் ஓட்டைகளில் விரலை விட்டுப் பார்த்தான்.

"இது சும்மா அட்டை சுடுறதுக்கு சரி அண்ணி. மானுக்கு வேகம்தான் வேணும்."

"அப்ப உன் மானை இனி இங்க கொண்டுவராதே."

"சொந்தக்காரனையா வேணாங்கறீங்க? அண்ணே, நீ ஒண்ணும் சொல்லலையா?"

"அவ சொல்லிட்டாளே," என்றான் ஆர்லோ.

அன்று மாலையே வெல்டா கொட்டகைக் கதவில் ஒரு பலகை அடித்தாள். தான் போடும் மருந்தையும் குண்டையும் அங்கேயே அட்டையில் சுட்டுக் காட்டாதவர் மான் இங்கே வெட்டப்படாது என்று எழுதியிருந்தாள். கிழவிக்குத் திமிர் என்றார்கள். மறு டிசம்பரில் பாதிப் பேர் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கறிக்காரனிடம் போனார்கள். மீதிப் பேர் வந்து வரிசையில் நின்று சுட்டார்கள், முணுமுணுத்துக்கொண்டே வில்லையைக் குறைத்தார்கள், குண்டை மாற்றினார்கள். அவர்கள் கொண்டுவந்த மான்களில் இரண்டு சப்பையும் கறியாகவே இருந்தன.

டென்ஸில் நவம்பரில் சொந்தங்கள் கூடும் நன்றி விருந்துக்குக்கூட அந்தப் படி ஏறுவதில்லை. முந்நூறு கஜம் போகும் என்று பெட்டியில் போட்ட இன்னொரு துப்பாக்கி வாங்கியிருப்பதாக ஆர்லோ ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னான். வெல்டா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனாள்.