பின்னறையில் இன்னும் பத்துச் சாடி

தந்திக் கந்தோரில், அதாவது தந்தி ஆபீசில், பற்றரி பார்க்கும் வேலை பயந்தவனுக்கு ஆகாது. நான் அதைத்தான் தேடிப் போய்ச் சேர்ந்தேன். கண்டியில் கோப்பித் தோட்டத் துரைமாருக்காகத் தந்தி ஓடிய காலம். பின்னறையில் முப்பது கண்ணாடிச் சாடிகள். ஒவ்வொன்றிலும் செம்பு, துத்தநாகம், மயில்துத்தம் கரைத்த நீலத் தண்ணீர். கம்பியால் வரிசையாகக் கோத்தால் அதுதான் பற்றரி. நடுங்கிக்கொண்டே பிழைப்பு நடத்துகிற யாருக்கும் என் பாடு புரியும்.

முதல் உதறல்

புசல்லாவைக்குக் கம்பி நீண்டதும் சாடிகளின் வலு போதவில்லை. இன்னும் பத்தைச் சேர்க்கச் சொன்னார் தந்தி அடிக்கும் கந்தையா ஐயா, யாழ்ப்பாணத்துக்காரர். சேர்த்துவிட்டு, புண்பட்ட ஈரக் கைகளால் இரண்டு முனைகளையும் பிடித்துவிட்டேன். தோள்வரை ஒரு குத்து. "மாதாவே!" என்று சுவரோடு சாய்ந்தேன்.

ஐயா வாசலில் நின்றே எட்டிப் பார்த்தார். "நீ சாகேல்லை எண்டால் எழும்பு, பற்றரி நல்லாத்தான் இருக்கு."

முனை மாறியது

ஒரு மழைநாள், அம்பிட்டியவுக்கு மேலே உள்ள தோட்டத்திலிருந்து மாடசாமிக் கங்காணி ஓடி வந்தார். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் வாந்திபேதி; அவர் மகளும் விழுந்துவிட்டாள். டாக்டரோ காலையில்தான் புசல்லாவைக்குப் போயிருந்தார். நனைந்த கம்பியில் தந்தி போய்ச் சேரவில்லை.

"இன்னும் பத்துப் போடு, அந்தோனி!" என்று ஐயா கத்தினார்.

அவசரத்தில் கோத்தேன். வலுவைக் காட்டும் கருவியில் ஏறவேண்டிய முள் இறங்கியது. புதிய பத்தையும் முனை மாற்றிக் கோத்திருந்தேன்! கழற்றி மாற்ற வேண்டும்; பழைய குத்தை நினைத்துக் கை போக மறுத்தது. வெளியே கங்காணி விம்மும் சத்தம். பல்லைக் கடித்துக்கொண்டு மாற்றினேன்.

சற்று நேரத்தில் டக் டக் என்று பதில் வந்தது. கங்காணி எல்லாரையும் கையமர்த்தினார். "யாரும் பேசாதீங்க, டாக்டரு பேசுறாரு."

நீலத் தண்ணீர்

அடுத்த வாரம் கங்காணி மறுபடி வந்தார். மகள் பிழைத்துவிட்டாள், லயத்தில் வேறு மூன்று பேர் போய்விட்டார்கள். டாக்டரைக் கூட்டிவந்த தண்ணியைப் பார்க்கணும் என்றார். அவரைப் பின்னறையில் விட்டுவிட்டு, ஐயா கூப்பிட்டாரென்று ஒரு நிமிடம் போய் வந்தேன். கங்காணி ஒரு சாடியின்மேல் குனிந்திருந்தார். முகமெல்லாம் ஈரம்.

அந்த நீலத் தண்ணீர் நஞ்சு. "குடிச்சிட்டீங்களா? சொல்லுங்க கங்காணி!" என்று உலுக்கினேன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "இல்ல தம்பி, பொழைக்காத அந்த மூணு பேர நெனச்சேன், அழுகை வந்திருச்சு."

சாடி கூடக் கூடக் கம்பிக்கு வலு கூடியது. எனக்குக் கூடியது பயம் மட்டும்தான்.