முதலில் போகும் கப்பல்

ஏற்காடு பேருந்து நிலையத்தை ஒட்டிய விடுதிக் கூடத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில், தொலைக்காட்சித் திரையில் அந்தச் சின்ன விண்வெளிக் கப்பல் தோன்றியதுமே சிரிப்பு தொடங்கிவிடும். அது ஓர் ஆங்கிலத் தொடர். நாயகனின் பெருங்கப்பலுக்கு எதுவும் நேராது. 'லார்க்' வகையைச் சேர்ந்த சிறு கப்பல்கள்தாம் ஆபத்து நேர்ந்த இடத்துக்கு முதலில் போய்ச் சேரும், சேர்ந்ததும் வெடிக்கும். வசனம் விளங்காத ஜீப் ஓட்டுநர்களுக்கும் இது விளங்கியிருந்தது. "வந்துட்டானப்பா. இன்னைக்கு இவனுக்குக் காரியந்தான்" என்பார் ஒருவர்.

என் தாய்மாமாவின் ஜீப்புக்கு அவர்கள் அந்தப் பெயரையே வைத்தார்கள். மழைக்காலத்தில் நோயாளிகளை ஏற்றிவரப் போகையில், செம்மநத்தம் மலைக்கிராமத்துச் சாலையில் அது ஒருமுறை அச்சு முறிந்து நின்றது. மறுமுறை பள்ளத்தில் சரிந்தது. மற்ற ஜீப்புகள் மழையில் அந்தப் பக்கமே போவதில்லை. ஆகவே அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. இவ்விரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. ஒருநாள் மாமா திரையைப் பார்த்தபடியே, "கூப்புட்டா மொதல்ல போறது அதுதானுங்களே. போவாத கப்பல் எப்படீங்க வெடிக்கும்?" என்றார். "லார்க்குக்கு லார்க்கே வக்காலத்து" என்று கூடம் சிரித்தது.

சேர்வராயன் கோயில் திருவிழாவன்று சேலத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் எங்கள் ஜீப்பில் ஏறி அமர்ந்தது. நான் முன்னிருக்கையில் இருந்தேன். பக்கத்து ஜீப்காரர் விளையாட்டாகத்தான் சொன்னார்: "ஏனுங்க, அது லார்க்குங்க. நடுவழில நின்னுபோடும்." அந்த வீட்டு அம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். பின்னாலேயே மற்றவர்களும் இறங்கினார்கள். மாமா காலி இருக்கைகளைத் துணியால் துடைத்தார்.

அடுத்த மழையில் அவர் செம்மநத்தம் போகவில்லை. நோயாளிக்காக வண்டி கேட்டு வந்தவர்களிடம், "வண்டி ரிப்பேருக்கு உட்ருக்குதுங்க" என்றார். வண்டி எங்கள் வீட்டுக்குப் பின்னால் நின்றது. அதற்கடுத்த மழையிலும் அதையே சொன்னார். ஜீப் பிறகு எங்கும் பழுதாகி நிற்கவில்லை, சரியவில்லை. புதிதாகப் பெயிண்ட் அடித்தோம். பட்டப்பெயர் தானாக உதிர்ந்தது. பள்ளிக்குப் போகும் வழியில் யாரும் என்னை 'லார்க்குப் பொண்ணு' என்று அழைக்காததில் எனக்கும் மகிழ்ச்சிதான்.

அப்படியொரு மழைநாள் காலையில், செம்மநத்தத்து ஆட்கள் நால்வர் காய்ச்சல் கண்ட ஒரு பெண்ணை டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். உடன் நனைந்து வந்த அவள் தாய், நிலையத்தில் நின்ற பளபளப்பான ஜீப்பையும் மாமாவையும் பார்த்து நின்றார். "வண்டி சரியாயிருச்சுங்களா சாமி? நொம்ப நல்லதுங்க" என்றார். அவர் குரலில் குற்றச்சாட்டு சிறிதும் இல்லை. மாமா சாவியை எடுப்பதற்குள் டோலி மருத்துவமனை வாசலை எட்டியிருந்தது.

அந்தச் சிறு கப்பல்களைப் போல, சாவதற்கென்றே கதைக்குள் அனுப்பப்படும் பாத்திரங்களை, இப்போது நான் படிக்கும் இலக்கிய வகுப்பில் வலுவற்றவர்கள் என்று சொல்கிறார்கள். மறுக்க வேண்டும் என்று தோன்றும், நான் மறுத்ததில்லை. அந்த ஜீப் இன்றும் கீறலில்லாமல் ஓடுகிறது. ராசியான வண்டி என்று ஊரே சொல்கிறது. மாமா மட்டும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.